கோதுமை இல்லாத மீன் மக்ரோனி பேக்: பழைய வீட்டுக் குறிப்பை மாற்றும் முறை

ராயபுரம், பெரம்பூர் பக்கம் கிறிஸ்துமஸ், ஈஸ்டர், நல்ல ஞாயிற்றுக்கிழமை என்றால் ட்ரேயில் சுட்டெடுக்கும் மக்ரோனி பேக் பல வீடுகளில் உண்டு. வீட்டில் ஒருவருக்கு சீலியாக் (கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் நோய்) என்று டாக்டர் சொல்லிவிட்டால் முதலில் நின்றுபோவது இந்த மாதிரி பண்டம்தான். அல்லது மற்றவர்கள் ட்ரேயைச் சுற்றி உட்கார, அந்தப் பிள்ளைக்கு மட்டும் தனித் தட்டில் ரசம் சோறு வரும். அப்படிச் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. எல்லோரும் ஒரே ட்ரேயில் எடுத்துச் சாப்பிடுகிற மாதிரி இதை மாற்றலாம். மாற்றுவதற்கு வேண்டிய சாமான் முக்கால்வாசி நம் சமையலறையிலேயே இருக்கிறது.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். டாக்டர் பரிசோதனை செய்வதற்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். சீலியாக்குக்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனையும் குடல் திசுப் பரிசோதனையும் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் சரியாகக் காட்டும். நிறுத்திச் சில வாரம் கழித்து எடுத்தால், நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே குடல், இரைப்பைப் பிரிவில் காட்டிவிட்டு அப்புறம் சமையலை மாற்றுங்கள்.

இனி குறிப்பு.

பழைய குறிப்பில் கோதுமை எங்கெங்கே இருக்கிறது

ஆறு பேருக்கான வழக்கமான அளவு இப்படி இருக்கும்: மக்ரோனி 250 கிராம், வஞ்சரம் 600 கிராம், மைதா 50 கிராம், வெண்ணெய் 75 கிராம், பால் 600 மில்லி, சீஸ் 150 கிராம், வெங்காயம், பச்சை மிளகாய், பூண்டு, மிளகு, கொஞ்சம் கடுகுத்தூள், ஒரு ஸ்பூன் ஊஸ்டர் சாஸ், மேலே தூவ ஒரு கப் பிரெட் தூள்.

இதில் கோதுமை மூன்று வேலை செய்கிறது. மக்ரோனியாக நின்று பண்டத்துக்கு உடம்பு கொடுக்கிறது. மைதாவாக வெள்ளை சாஸைக் கெட்டியாக்குகிறது. பிரெட் தூளாக மேலே மொறுமொறுப்பு தருகிறது. மூன்று வேலைக்கும் ஒரே பொருளைப் போட்டு ஒப்பேற்ற முடியாது. மைதா இருந்த இடத்திலெல்லாம் அரிசி மாவு என்று மாற்றினால், சாஸ் நறநறவென்று இருக்கும், மேல்பாகம் வெளுத்துக் கிடக்கும், வெட்டினால் சரிந்து விழும். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக ஆள் பார்க்க வேண்டும்.

இந்த மூன்றும் கண்ணுக்குத் தெரிகிற கோதுமை. தெரியாதது வேறு இருக்கிறது. ஊஸ்டர் சாஸில் பல கம்பெனிகள் மால்ட் வினிகர் சேர்க்கின்றன. மால்ட் என்றால் பெரும்பாலும் பார்லி, பார்லியிலும் குளூட்டன் உண்டு. டப்பா கடுகுத்தூளில் சிலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். சிக்கன் க்யூப், சூப் பவுடர், சோயா சாஸ் மூன்றிலும் கோதுமை சாதாரணம். கட்டிப் பெருங்காயம், தூள் பெருங்காயம் இரண்டிலும் நிறைய பிராண்டுகளில் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். இந்தப் பண்டத்துக்குப் பெருங்காயம் வேண்டாம் என்றாலும், வீட்டில் தினம் வைக்கும் ரசத்திலும் சாம்பார்ப் பொடியிலும் அது போய்க்கொண்டே இருக்கும். அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் கிடைக்கிறது. அட்டையைப் படித்து அதை வாங்கி, பழைய டப்பாவை வீட்டைவிட்டே அனுப்பிவிடுங்கள்.

மக்ரோனிக்குப் பதில்: அரிசி சேவை

குளூட்டன் ஃப்ரீ பாஸ்தா என்று பேக்கெட் கிடைக்கிறது. விலை சாதாரண மக்ரோனியைப் போலப் பல மடங்கு. வாங்க முடிந்தால் வாங்குங்கள், தப்பில்லை. எங்கள் கருத்தில் இந்தப் பண்டத்துக்கு அதைவிட நன்றாகப் பொருந்துவது காய்ந்த அரிசி சேவை. மளிகைக் கடையில் இன்ஸ்டன்ட் சேவை, ரைஸ் சேவை என்று விற்பார்கள். பின்பக்கம் அரிசி, உப்பு, தண்ணீர், மிஞ்சினால் எண்ணெய், இவ்வளவுதான் இருக்க வேண்டும். கொஞ்சம் தடித்த இழையாகப் பாருங்கள். நூல் மாதிரி இருப்பது சாஸில் கரைந்துவிடும்.

சேமியாவும் சேவையும் ஒன்றல்ல. சேமியா கோதுமை. ராகி சேமியா, கம்பு நூடுல்ஸ், மல்டி மில்லட் பாஸ்தா என்று பெயர் இருந்தாலும் பாதிக்கு மேல் கோதுமை மாவோ மைதாவோ இருக்கிற பேக்கெட்டுகள் நிறைய. முன்பக்கம் சிறுதானியப் படம் போட்டிருக்கும், பின்பக்கம் முதல் வரியில் கோதுமை மாவு இருக்கும். அத்தோ என்ற பர்மியப் பண்டத்துக்குப் போடும் தடித்த நூடுல்ஸும் மைதாதான். அட்டையில் அலர்ஜி குறிப்பு என்று தனியாக ஒரு வரி வரும். கோதுமை இருந்தால் அங்கே எழுதியாக வேண்டும் என்பது சட்டம். குளூட்டன் ஃப்ரீ என்று போட்டிருந்தால், கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. வைத்திருக்கும் அளவு.

சேவையை வேகவைக்காதீர்கள், ஊறவையுங்கள். ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்து, ஒரு டீஸ்பூன் உப்பும் ஒரு டீஸ்பூன் எண்ணெயும் விட்டு 200 கிராம் சேவையை உள்ளே போட்டு மூடுங்கள். 3 நிமிடம். ஒரு இழையைக் கடித்துப் பார்த்தால் நடுவில் சின்னதாக ஒரு கடினம் தெரிய வேண்டும். தெரிந்த உடனே வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசி, மறுபடி நன்றாக வடியவிட்டு ஒரு டீஸ்பூன் எண்ணெய் பிசறிவிடுங்கள். கத்தரிக்கோலால் இரண்டு அங்குல நீளத்துக்கு வெட்டிக்கொண்டால் பரிமாறும்போது இழுபறி இருக்காது.

அலசுவது ஏன்? கோதுமை மக்ரோனியில் குளூட்டன் ஒரு வலை போல நின்று மாவுச்சத்தைப் பிடித்து வைத்திருக்கும். அரிசியில் அந்த வலை கிடையாது. வெந்த மாவுச்சத்து வெளியே வந்து ஒவ்வொரு இழையின் மேலும் பசையாக ஒட்டிக்கொள்ளும். அதைக் கழுவாமல் சாஸில் போட்டால் ட்ரே முழுக்க ஒரே கட்டி. அரிசி மக்ரோனி பேக்கெட் வாங்கியிருந்தாலும் இதே கதைதான்: அட்டையில் சொன்ன நேரத்தில் 2, 3 நிமிடம் குறைத்து வேகவைத்து, தண்ணீரில் அலசுங்கள். மீதி வேக்காடு ஓவனில் நடக்கும்.

வீட்டில் பிழிந்த இடியாப்பமும் நன்றாக வரும். சூடாகப் பிழிந்ததை அப்படியே போடக் கூடாது, களியாகிவிடும். காலையில் பிழிந்து, முழுக்க ஆறவைத்து, மூடி ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். ஆறும்போது அரிசியின் மாவுச்சத்து இறுகும். அதன் பிறகு கையால் உதிர்த்தால் தனித்தனியாக வரும். 200 கிராம் காய்ந்த சேவைக்கு இடியாப்பம் 450 கிராம் கணக்கு.

மீன்

வஞ்சரம் துண்டு போட்டு 600 கிராம் வாங்கினால் முள், தோல் போக 450 கிராம் சதை நிற்கும். நடுமுள்ளை ஒரே இழுப்பில் எடுக்கலாம் என்பதால் குழந்தைகள் சாப்பிடும் ட்ரேக்கு இதுதான் வசதி. கொடுவாவும் சரியாக வரும். சங்கரா ருசியாக இருந்தாலும் முள் பொறுக்க நேரம் பிடிக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத அந்த 61 நாளில் காசிமேட்டில் வஞ்சரம் விலையைக் கேட்டாலே திரும்பி வரத் தோன்றும். ஃபைபர் படகுகள் கரையோரம் பிடித்து வருவது கிடைக்கும். இல்லையென்றால் எலும்பில்லாத கோழி 450 கிராம் போதும். கோழியை மிளகு, உப்பு போட்டு வேகவைத்துப் பிய்த்துப் போடுங்கள். மற்றதெல்லாம் இதே அளவு.

கடையில் மசாலா தடவி வைத்திருக்கும் மீனும், பொரித்த மீனும் வேண்டாம். மசாலா பிடிப்பதற்காக மைதா சேர்த்திருக்கலாம். அந்த எண்ணெயில் வேறு என்ன பொரித்தார்கள் என்பதும் நமக்குத் தெரியாது.

மீனை மஞ்சள், உப்பு, எலுமிச்சை போட்டுக் கழுவுகிற வீடுகளில், கழுவியபின் புளிப்புப் போக நன்றாக அலசிவிடுங்கள். எலுமிச்சை மிச்சம் இருந்தால் பால் திரியும், சோளமாவு (வெள்ளையான கார்ன்ஃப்ளார்) சாஸும் நீர்த்துவிடும். அகலமான சட்டியில் ஒரு கப் தண்ணீர், கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், உப்பு போட்டுச் சூடானதும் துண்டுகளை வைத்து, மூடி, சிறு தீயில் 5, 6 நிமிடம். சதை முள்ளைவிட்டு விலகினால் போதும். எடுத்து ஆறவைத்து, முள்ளும் தோலும் நீக்கி, பெரிய பெரிய இதழாக உதிர்த்து, வடிகட்டியில் 10 நிமிடம் வையுங்கள்.

இந்த 10 நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். பழைய குறிப்பில் பச்சை மீனைப் போட்டாலும் அது விடும் தண்ணீரைக் கோதுமை மக்ரோனி குடித்துக்கொள்ளும். ஊறிய சேவைக்கு அவ்வளவு கொள்ளளவு மிச்சமில்லை. மீன் தண்ணீர் ட்ரேயின் அடியில் தேங்கி, கடைசித் துண்டு எடுக்கும்போது குழம்பு மாதிரி நிற்கும். சட்டியில் நிற்கும் மீன் வெந்த தண்ணீரைக் கொட்டவும் வேண்டாம்; மூன்று டேபிள்ஸ்பூனாகச் சுண்டவிட்டுச் சாஸில் சேர்த்தால் மீன் வாசம் ட்ரே முழுக்க நிற்கும்.

சாஸ்: இங்கேதான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள்

புது அளவு: வெண்ணெய் 40 கிராம், நைசான பச்சரிசி மாவு 40 கிராம் (தட்டிய 4 டேபிள்ஸ்பூன்), சோளமாவு 8 கிராம் (தட்டிய ஒரு டேபிள்ஸ்பூன்), பால் 700 மில்லி, சீஸ் 100 கிராம், முட்டை 1.

ஏன் இரண்டு மாவு? சோளமாவு மட்டும் போட்டால் சாஸ் பளபளப்பாக, ஜெல்லி மாதிரி வரும். ஆறி மறுபடி சூடாக்கும்போது தண்ணீர் தனியாகப் பிரியும். மைதாவைவிட இரண்டு பங்கு கெட்டியாக்கும் சக்தி அதற்கு உண்டு என்பதால் ஒரு ஸ்பூன் கூடினால்கூட ரப்பராகிவிடும். அரிசி மாவு மட்டும் போட்டால் வாசம், நிறம் நன்றாக இருக்கும்; ஆறியபின் இறுகிக் கொழுக்கட்டை மாவு போல ஆகிவிடும். அரிசி மாவு அதிகம், சோளமாவு கொஞ்சம் என்று போட்டால் இரண்டின் குறையும் அடங்கும்.

நறநறப்புக்குக் காரணம் மாவின் கரகரப்பு. இடியாப்பத்துக்கு என்று ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரத்தோடு அரைத்துச் சலித்த மாவுதான் சரி. முறுக்குக்கு வைத்திருக்கும் மாவு கொஞ்சம் தடிமனாக இருக்கும், அதைப் போடாதீர்கள். இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள். முகப் பவுடர் போல வழுக்கினால் எடுத்துக்கொள்ளலாம், மணல் தட்டினால் இன்னொரு முறை சலியுங்கள்.

அடிகனமான பாத்திரத்தில் வெண்ணெயை உருக்கி, சிறு தீயில் அரிசி மாவைப் போட்டு 2, 3 நிமிடம் வறுங்கள். மைதா போல வழவழவென்று கூடி வராது, ஈர மணல் மாதிரி உதிரியாகத்தான் இருக்கும். பயப்பட வேண்டாம். பச்சை வாசம் போய் வறுத்த வாசம் வந்ததும், நிறம் மாறுவதற்குள் இறக்கி, ஆறிய பால் 200 மில்லியை ஊற்றி, கட்டியில்லாமல் துடுப்பால் அடியுங்கள். அடுப்பில் ஏற்றி, வெதுவெதுப்பான பால் 450 மில்லியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கொதி வந்த பிறகு 7, 8 நிமிடம் கிண்டிக்கொண்டே இருங்கள். மைதா சாஸ் கொதி வந்து இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அரிசி மாவு முழுக்க வேக இவ்வளவு நேரம் வேண்டும். பாதியில் இறக்கினால் நாக்கில் மாவு தெரியும், ஓவனில் போன பிறகு இன்னும் கெட்டியாகிச் சேவையை வறட்டிவிடும்.

மீதி 50 மில்லி ஆறிய பாலில் சோளமாவைக் கரைத்து இப்போது ஊற்றி, ஒரு நிமிடம் கொதித்ததும் அணையுங்கள். சோளமாவை அதிக நேரம் கொதிக்கவிட்டால் கெட்டி உடைந்து மறுபடி தளர்ந்துவிடும். சுண்டவைத்த மீன் தண்ணீர், துருவிய சீஸ் 100 கிராம், மிளகுத்தூள் ஒன்றரை டீஸ்பூன், வீட்டில் மிக்ஸியில் பொடித்த கடுகு அரை டீஸ்பூன் சேருங்கள். உப்பைக் கடைசியில் பாருங்கள், சீஸிலேயே நிறைய இருக்கும்.

பதம்: கரண்டியின் முதுகில் விரலால் கோடு போட்டால் கோடு நிற்க வேண்டும், ஆனால் ஓரம் மெதுவாக வழிய வேண்டும். பழைய மைதா சாஸைவிடக் கொஞ்சம் தளர்வு. கண்ணுக்குத் தண்ணியாகத் தெரிந்தாலும் மாவைக் கூட்டாதீர்கள். சேவை மேலும் உறிஞ்சும், ஆறும்போது அரிசி மாவும் இறுகும்.

10 நிமிடம் ஆறவிட்டு, ஒரு முட்டையை அடித்து, அதில் இரண்டு கரண்டி சாஸை ஊற்றிக் கலந்து, அதைத் திரும்பப் பாத்திரத்தில் சேருங்கள். நேராகச் சூட்டில் ஊற்றினால் முட்டை திரிந்து பொரியல் ஆகும். பழைய குறிப்பில் முட்டை இல்லாமல் இருந்திருக்கலாம். இப்போது அது தேவைப்படுகிறது. துண்டு போட்டால் சரியாமல் நிற்கப் பிடிமானம் கொடுக்க வேறு எதுவும் இதில் இல்லை.

மீனும் பாலும் சேராது என்று பெரியவர்கள் சொல்லும் வீடுகளில் தேங்காய்ப்பால் வைத்தும் செய்யலாம். 500 மில்லி இரண்டாம் பாலில் மேலே சொன்னபடி சாஸ் காய்ச்சி, 200 மில்லி கெட்டிப் பாலில் சோளமாவைக் கரைத்துக் கடைசியில் ஊற்றி, ஒரு கொதி எட்டிப் பார்த்ததும் இறக்குங்கள். தளதளவென்று கொதித்தால் எண்ணெய் பிரிந்துவிடும். வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய், சீஸும் விருப்பப்பட்டால்தான்.

தாளிப்பு

இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் நறுக்கிய பெரிய வெங்காயம் 2, பூண்டு 6 பல், பச்சை மிளகாய் 3, ஒரு துண்டு இஞ்சி. வெங்காயத்தை நன்றாகப் பொன்னிறம் ஆகும்வரை வதக்குங்கள். தண்ணீர் உள்ள வெங்காயம் ட்ரேயில் தண்ணீர்தான் விடும். ஊஸ்டர் சாஸுக்குப் பதில் கெட்டிப் புளிக் கரைசல் ஒரு டீஸ்பூன், ஒரு சிட்டிகை சர்க்கரை. அந்தச் சாஸிலேயே புளி உண்டு, அதனால் ருசி அந்நியமாகத் தெரியாது. புளியின் ஈரம் வற்றும்வரை வதக்கி, கொத்தமல்லித்தழை தூவி இறக்குங்கள்.

மேலே தூவுவதற்கு

பிரெட் தூளுக்குப் பதில் கெட்டி அவல். 60 கிராம் அவலை வெறும் சட்டியில் சிறு தீயில், கையில் நொறுங்கும்வரை வறுத்து, ஆறியதும் மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று. ரவைப் பருமன் போதும். மாவாகிவிட்டால் மொறுமொறுப்பு வராது. உருகிய வெண்ணெய் 20 கிராம், சீஸ் 50 கிராம், கொஞ்சம் மிளகு பிசறி வையுங்கள். வெண்ணெய் இல்லாமல் தூவினால் அவல் வெளுத்து, பல்லில் கடினமாக நிற்கும். மெல்லிசு அவலும் பொரியும் சாஸின் ஈரத்தில் உடனே நமத்துவிடும்.

கார்ன்ஃப்ளேக்ஸை நொறுக்கிப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சோளம்தானே என்று தோன்றும். பல பிராண்டுகளில் பார்லி மால்ட் சாறு சேர்க்கிறார்கள். அட்டையில் மால்ட் என்ற சொல் இருந்தால் வைத்துவிடுங்கள். கடையில் போடும் உருளைக்கிழங்கு சிப்ஸில் சந்தேகம் எண்ணெயில் இருக்கிறது, அதே கொப்பரையில் சமோசாவும் மைதா பிஸ்கட்டும் பொரித்திருப்பார்கள்.

அடுக்கிச் சுடுவது

ஒன்பது அங்குலச் சதுர ட்ரே, இரண்டு அங்குல ஆழம். உள்ளே வெண்ணெய் தடவுங்கள், மைதா தூவும் பழக்கம் கையோடு வந்துவிடும், கவனம். முதலில் ஒரு கரண்டி சாஸை அடியில் பரப்புங்கள். மீதி சாஸில் மூன்றில் இரண்டு பங்கைச் சேவையிலும் வெங்காயத்திலும் கலந்து, அதில் பாதியை ட்ரேயில் பரப்பி, மேலே மீன், மறுபடி சேவை. மிச்ச சாஸை மேலே ஊற்றி ஒரு கத்தியால் நாலைந்து இடத்தில் குத்திவிட்டால் கீழே இறங்கும். கடைசியில் அவல்.

ஓ.டி.ஜி.யை (மேசை மேல் வைக்கும் மின்சார ஓவனை) 180 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் முன்கூட்டிச் சூடாக்கி, நடுத்தட்டில் மேல் கீழ் இரண்டு ராடும் போட்டு 25 நிமிடம். ஓரத்தில் சாஸ் குமிழியிட வேண்டும். பிறகு மேல் ராடு மட்டும் 4, 5 நிமிடம். அரிசி மாவும் சோளமாவும் மைதா போலச் சிவக்காது, புரதம் குறைவு. நிறம் முழுக்கச் சீஸும் வெண்ணெயும் அவலும் கொடுப்பதுதான். அதனால் இந்தக் கடைசி ஐந்து நிமிடம் பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஓவன் இல்லாதவர்கள் பழைய அடிகனமான அண்டாவில் ஒரு கிலோ கல் உப்பைப் பரப்பி, ஸ்டாண்டு வைத்து, மூடி போட்டு 10 நிமிடம் சூடாக்கி, ட்ரேயை உள்ளே வைத்துச் சிறு தீயில் 40 நிமிடம் விடலாம். கீழிருந்துதான் சூடு வரும் என்பதால் மேலே சிவக்காது. அவல் கலவையைத் தோசைக்கல்லில் வெண்ணெயோடு சிவக்க வறுத்து, இறக்குவதற்கு 5 நிமிடம் முன்பு தூவுங்கள். மூடியில் சேரும் நீர் சொட்டி அவல் நமக்காமல் இருக்க, மூடிக்கு உள்பக்கம் ஒரு துணியைக் கட்டுங்கள், துணியின் நுனி தீயில் படாமல் மேலே முடிச்சுப் போட்டு. தெருமுனை பேக்கரியில் கொடுத்துச் சுட்டு வாங்கும் யோசனை வேண்டாம். அங்கே காற்றிலேயே மைதா பறக்கும்.

இறக்கியதும் வெட்டாதீர்கள். 20 நிமிடம். அரிசி மாவுச் சாஸ் சூட்டில் தளர்ந்துதான் இருக்கும், ஆற ஆறத்தான் பிடிக்கும். பிள்ளைகள் அவசரப்படுத்துவார்கள், ட்ரேயை எட்டாத இடத்தில் வையுங்கள்.

மாவு மில், சல்லடை, பாத்திரம்

சீலியாக் உள்ளவருக்கு ஒரு துளி மைதாவும் தொந்தரவுதான். வெளியே வலி தெரியாவிட்டாலும் குடலில் பாதிப்பு நடக்கும். அதனால் குறிப்பைச் சரியாக மாற்றிவிட்டு மாவை மில்லில் கலப்படமாக வாங்கி வந்தால் பட்ட பாடு வீண்.

கோதுமை அரைத்த மெஷினில் அடுத்து அரிசி போட்டால், முன்னதின் மிச்சம் முழுக்க நம் மாவில் விழும். முதல் அரைக் கிலோவைத் தள்ளிவிட்டால் சரியாகிவிடும் என்பார்கள், உள்ளே ஒட்டியிருப்பது அவ்வளவு சீக்கிரம் போகாது. அரிசிக்கு என்றே தனி மெஷின் வைத்திருக்கிற மில்லாகப் பாருங்கள், சல்லடையும் தனியா என்று கேளுங்கள். இந்தப் பண்டத்துக்கு வேண்டியது 40 கிராம்தான். ஊறவைத்து உலர்த்திய அரை ஆழாக்கு அரிசியை வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலிப்பது எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பு.

சௌகார்பேட்டையில் விரத நாட்களுக்கு என்று ராஜ்கீரா (ஒரு வகைக் கீரை விதை), சிங்காடா (தண்ணீரில் விளையும் ஒரு காய்) மாவுகள் விற்பார்கள். இரண்டும் இயல்பில் குளூட்டன் இல்லாதவை, சாஸுக்கு 10 கிராம் சிங்காடா மாவு சோளமாவுக்குப் பதிலாகச் சேர்த்தால் நன்றாகவும் இருக்கும். மூட்டையிலிருந்து அள்ளிப் போடுவதை வாங்காதீர்கள், அதே கரண்டி கோதுமை மாவு மூட்டைக்கும் போகும். மூடிய பேக்கெட், அட்டையில் அலர்ஜி வரியோடு.

வீட்டில் தனியாக வைக்க வேண்டியவை: சல்லடை (ஓட்டையில் சிக்கிய மைதாவை எந்தக் கழுவலும் எடுக்காது), மரக்கரண்டி, சப்பாத்திக் கட்டை பட்ட பலகை, கீறல் விழுந்த நான்ஸ்டிக். எவர்சில்வர் பாத்திரமும் கண்ணாடி ட்ரேயும் சோப்புப் போட்டுத் தேய்த்தால் போதும். வெண்ணெய் டப்பாவில் பிரெட் தடவிய கத்தி போயிருக்கும், இந்த ட்ரேக்குப் புது பேக்கெட் பிரியுங்கள். பூரி பொரித்த எண்ணெய் தாளிப்புக்கு ஆகாது. அதே நாளில் வீட்டில் கேக்கும் போடுவதாக இருந்தால், இந்த ட்ரே முதலில் ஓவனுக்குப் போகட்டும், அதற்குப் பிறகு மைதாவைத் தொடுங்கள்.

கெட்டுப்போனால் எங்கே பார்ப்பது

அடியில் தண்ணீர் நின்றால் மீனோ வெங்காயமோ சரியாக வடியவில்லை, அல்லது சேவையை அலசிவிட்டு ஈரத்தோடு போட்டிருக்கிறீர்கள். முழுக்கக் களியாக இருந்தால் சேவை ஊறியது அதிகம். அடுத்த தடவை 2 நிமிடத்திலேயே கடித்துப் பாருங்கள், இழைக்கு இழை நேரம் மாறும். வெட்டும்போது வறண்டு உதிர்ந்தால் சாஸ் கெட்டி, பால் 50 மில்லி கூட்டலாம். நறநறத்தால் மாவு. மேலே நிறமில்லை என்றால் ட்ரேயை ஒரு தட்டு உயர்த்துங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள், உள்ளே முட்டை இறுகிவிடும்.

மீனும் பாலும் முட்டையும் சேர்ந்த பண்டம் நம் வெயிலில் வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மிச்சத்தை ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம். ஃப்ரீசரில் வைத்தால் சாஸ் திரிந்து தண்ணீர் பிரியும். மறுநாள் சூடாக்க, துண்டின் மேல் இரண்டு ஸ்பூன் பால் தெளித்து, மூடிய கிண்ணத்தில் வைத்து இட்லிப் பானையில் 10 நிமிடம் ஆவி காட்டினால் இறுகிய அரிசி இளகிவிடும். மேலே தூவிய அவல் மறுபடி மொறுமொறுப்பாகாது. கொஞ்சம் அவல் கலவையைத் தனியாக எடுத்து வைத்திருந்து, பரிமாறும்போது வறுத்துத் தூவுங்கள்.